சளி பிடித்தால் பல் ஏன் வலிக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

மருத்துவப் பக்கத்தில் ஒரு வாரம் பல்வலி, இன்னொரு வாரம் சைனஸ் என்று எழுதுகிறீர்கள், இரண்டுக்கும் இருக்கும் தொடர்பைத்தான் காணோம். மூக்கடைத்துக் கிடக்கும்போது மேல் கடைவாய்ப் பற்கள் வலித்தால் சொத்தை என்று முடிவு கட்டி, பல்லைப் பிடுங்கலாமா, ரூட் கேனல் செய்யலாமா என்று யோசிக்கப் போய்விடுகிறார்கள்.

கன்னத்துக்குப் பின்னால், மேல்தாடை எலும்புக்குள் சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. அதன் அடித்தளத்தை ஒட்டித்தான் மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள். நடுவில் மெல்லிய எலும்பு, சிலருக்கு அதுவும் இல்லாமல் வெறும் சவ்வுதான். அந்தப் பற்களுக்குப் போகும் நரம்புகளும் அறைச் சுவரை ஒட்டியே ஓடுகின்றன. இதில் வேடிக்கை என்னவென்றால், அறையின் வடிகால் துவாரம் அடியில் இல்லாமல் மேல்பக்கமாக அமைந்திருக்கிறது, அதனால் சளியில் அது வீங்கி அடைத்துக்கொண்டதும் உள்ளே நீர் தேங்கி அழுத்த, பல் வலிப்பது போல இருக்கிறது.

பெரும்பாலும் ஒரு பல் மட்டும் வலிக்காது, மேல்வரிசையில் பக்கத்துப் பற்கள் சேர்ந்து வலிக்கும். குனிந்தாலோ படி இறங்கினாலோ அதிகமாகும். கீழ்ப்பற்களில் இந்த வலி பொதுவாக வராது. ஒரே ஒரு பல், சூடோ குளிரோ பட்டால் சுரீரென்று வலித்து நெடுநேரம் அடங்காமல் இருந்தால் அது பல்லின் கோளாறாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

தலைகீழாகவும் நடக்கும். மேல்பல்லின் வேரில் சீழ் வைத்து அது சைனஸுக்குள் போய்விடுவதும் உண்டு. ஒரு பக்க மூக்கில் மட்டும் கெட்ட வாடையோடு சளி வந்தால் பல் டாக்டரைப் பார்க்காமல் விடக்கூடாது.

சாதாரணச் சளி என்றால் 7 முதல் 10 நாளில் தணிந்துவிடும், பல்வலியும் கூடவே போய்விடும். அதுவரை பாராசிட்டமால், உப்புநீரால் மூக்கைக் கழுவுவது (கொதிக்க வைத்து ஆறிய நீர்தான், குழாய்த் தண்ணீர் வேண்டாம்) போதும். அடைப்பு நீக்கும் ஸ்பிரேயை 3 முதல் 5 நாளுக்கு மேல் அடித்தால் அதுவே அடைப்பை உண்டாக்கும். சளியை உண்டாக்கும் வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது, மீதமிருக்கும் பழைய மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்வதில் அர்த்தமே இல்லை. 10 நாள் தாண்டியும் குறையவில்லை, அல்லது குறைந்து மறுபடி காய்ச்சலோடு கூடினால் டாக்டரிடம் போக வேண்டும். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், கழுத்து விறைப்பு என்றால் அன்றைக்கே.

பல் மருத்துவமனைகளில் சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள், சரி. அப்படியே இப்போது சளி இருக்கிறதா என்றும் ஒரு வரி சேர்க்கலாமே. எக்ஸ்ரேயில் பல்லில் கோளாறு எதுவும் தெரியவில்லை என்றால், பிடுங்குவதை ஒரு வாரம் தள்ளிப்போடுவதில் என்ன நஷ்டம்?

இப்படிக்கு,
ஒரு வாசகர்