ரீப்ளே வந்தும் தீராத வழக்கு

ஐயா,

ரீப்ளே (வீடியோவை மறுபடி பார்த்துத் தீர்ப்பைச் சரிபார்க்கும் முறை) வந்துவிட்டதால் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் அம்பயர் சர்ச்சை ஒழிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட்டில் பந்துவீச்சாளர் அர்மாண்டோ கலராகா எதிரணி ஆட்டக்காரர்கள் 26 பேரை வரிசையாக வெளியேற்றினார். 27ஆவது ஆட்டக்காரரும் முதல் பேஸில் (பந்தை அடித்தவர் ஓடிப்போய்த் தொட வேண்டிய முதல் இடம்) தெளிவாக அவுட். அம்பயர் ஜிம் ஜாய்ஸ் 'சேஃப்' என்றார். 27 பேரையும் ஒருவர்கூட பேஸை எட்டாமல் வெளியேற்றும் 'பெர்ஃபெக்ட் கேம்' சாதனை போயே போச்சு! அப்போது ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போன்ற அடி) சந்தேகங்களுக்கு மட்டுமே வீடியோ பார்க்க விதி இருந்தது. ஜாய்ஸ் பிறகு படத்தைப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டார், கலராகாவும் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். தீர்ப்பு மட்டும் மாறவில்லை.

2014இல் பேஸ் அவுட்களுக்கும் ரீப்ளே வந்தது. வீடியோவை நியூயார்க்கில் அம்பயர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள்; காட்சி தெளிவில்லை என்றால் மைதானத் தீர்ப்பே நிற்கும். சரி, அதை ஏற்கலாம். ஆனால் ஆட்டத்தின் உயிரான ஸ்டிரைக், பால் தீர்ப்புகளை (அடிக்காமல் விட்ட பந்து உரிய எல்லைக்குள் வந்தால் ஸ்டிரைக், வெளியே போனால் பால்) எதிர்த்துக் கேட்கும் உரிமை 2026 சீசனுக்குத்தான் வந்திருக்கிறது. அதுவும் தொடக்கத்தில் அணிக்கு இரண்டு சவால்கள், தோற்றால் குறையும். கேமராக்கள் எல்லாப் பந்துகளையும்தான் அளக்கின்றன. அப்புறம் ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

ஒரு வாசகர், மதுரை