தொடக்கப் பள்ளிக்கு அனுப்பிய விளையாட்டுப் பொருள் பெட்டி: நான்காவது முறையாகப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர் அவர்கள்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் 'தொடக்கப் பள்ளி செட்' பற்றி மறுபடியும் எழுதுகிறேன். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும், நான் பட்டியல் போடவில்லை. மூன்றாம் எண் கால்பந்து கேட்டோம், பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் எண் வந்தது. ஸ்கிப்பிங் கயிறுகளும் பெரியவர்கள் நீளம்தான். முடிச்சுப் போட்டுத்தான் பிள்ளைகள் குதிக்கிறார்கள். பம்பு இருக்கிறது, ஊசி இல்லை. ஊசியைக் கைக்காசில் வாங்கிக் காற்றடித்தால் மறுநாள் காலையில் பந்து சப்பையாகக் கிடக்கிறது. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி பந்தைக் காதோடு வைத்துக் கேட்டுவிட்டு, "டீச்சர், உள்ளே பாம்பு சீறுது" என்றாள். வால்வில் எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தேன், குமிழ் குமிழாக வருகிறது.

இது என் சொந்தப் பணமாக இருந்தால் போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். சமக்ர சிக்ஷா என்ற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டுக்கென்று ஒரு தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்குக் கிடைப்பது 5,000 ரூபாய். நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 வரை. அந்த ஐயாயிரமும் உங்கள் பெட்டியோடு போய்விட்டது. இந்த வருஷம் இனி ஒரு ரப்பர் பந்து வாங்கவும் வழியில்லை. ஒரு தலைமுறையின் விளையாட்டையே பறித்துவிட்டீர்கள் என்றுதான் சொல்வேன்.

உங்கள் சேவை எண்ணில் பேசிய தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "சின்னப் பசங்கதானே மேடம், பந்து எந்த சைஸா இருந்தா என்ன? உருட்டி விளையாடட்டும்" என்றார். கூடவே ஒரு சிரிப்பு. பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் வேலை பார்க்கிறேன், எந்த அதிகாரியும் என்னிடம் இப்படிச் சிரித்ததில்லை.

கிளையில் கொடுத்தால் மாற்றித் தருவார்கள் என்று அவர் சொன்னதை நம்பித்தான் உங்கள் கிளைக்குப் போனேன். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. உடற்கல்வி ஆசிரியர் கிடையாது, பி.இ.டி. பீரியடில் விசில் ஊதுவதும் நாங்கள்தான். நான் அரை நாள் விடுப்பு எடுத்தால் இன்னொரு டீச்சர் ஐந்து வகுப்பையும் ஒரே வராந்தாவில் உட்கார வைத்துச் சமாளிக்க வேண்டும். இரண்டு பஸ் மாறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனால், "ஆன்லைனில் வாங்கினதை இங்கே எடுக்க மாட்டோம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். உட்காரச் சொல்லக்கூட இல்லை. திரும்பி வந்ததும் கேட் வரைக்கும் ஓடிவந்து, "புதுப் பந்தா டீச்சர்?" என்று கேட்ட பிள்ளைகளுக்கு அந்தத் தம்பி வந்து பதில் சொல்லட்டும்.

பில்லை மறந்துவிட்டேன். 'ஸ்போர்ட்ஸ் கிட் - 1' என்று ஒற்றை வரியில் போட்டிருக்கிறீர்கள். இருப்புப் பதிவேட்டில் பொருள்வாரியாக ஏற்ற வேண்டும், பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். தணிக்கைக்கு வருகிறவர் பந்து எங்கே, கயிறு எத்தனை என்று என்னைத்தான் கேட்பார், உங்களை அல்ல.

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. போன வருஷம் உங்களிடம் வாங்கிய டென்னிகாய்ட் வளையங்கள் இன்றும் உழைக்கின்றன. அதனால்தான் திரும்ப உங்களிடமே வந்தேன். தயவுசெய்து சரியான அளவில் பொருள்களையும் பொருள்வாரியான பில்லையும் அனுப்பிவையுங்கள்.

ஏழு நாள் பார்ப்பேன். 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி ஒரு மாதத்துக்குள் புகாரைத் தீர்த்திருக்க வேண்டும். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்ற தானியங்கிப் பதிலைத் தவிர எனக்கு எதுவும் வரவில்லை, மாதமும் எப்போதோ தாண்டிவிட்டது. அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குத்தான் கூப்பிடுவேன். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணமே கிடையாது, நான் இருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதையெல்லாம் விசாரித்து வைத்திருக்கிறேன்.

பெட்டியை எடுத்துப் போக நீங்கள்தான் ஆள் அனுப்ப வேண்டும். இனி நான் பஸ்ஸில் சுமக்க மாட்டேன். மாலை 4 மணிக்கு முன்னால் வரட்டும், அப்புறம் பள்ளி பூட்டியிருக்கும். தொலைபேசியில் கூப்பிடுவதாக இருந்தால் வேறு யாரையாவது பேசச் சொல்லுங்கள், அந்தத் தம்பி வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமை ஆசிரியை

இணைப்பு: பில் நகல், பந்தின் புகைப்படங்கள், முந்தைய மூன்று புகார்கள்