பூச்சி மாத்திரைக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தம் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழ் மருத்துவப் பகுதியில், "பூச்சி மாத்திரை ரத்தத்தை ஒன்றும் செய்யாது, மிட்டாய் மாதிரி போட்டுக்கொள்ளலாம்" என்று ஒரு வரி. எழுதியவர் பெயர் இல்லை. பிழைத்தார்.

என் அக்கா இதய வால்வு மாற்றிக்கொண்டவர். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். போன வருடம் அமீபா வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் எழுதிக் கொடுத்தார்கள். அமீபாவும் குடலில் குடியேறும் ஒட்டுண்ணிதான், அதனால் இதையும் பூச்சி மாத்திரைக் கணக்கில்தான் வைக்கிறேன். வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க ஆளில்லை. கோர்ஸ் முடிவதற்குள் பல் தேய்த்துத் துப்பினால் வாஷ்பேசின் சிவந்தது. பிரஷர் பார்க்கப் பட்டை சுற்றிய இடத்தில், வளையல் போட்டாற்போல ஊதா நிறத்தில் கன்றிப்போயிருந்தது. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 3-ஐ ஒட்டி இருக்க வேண்டியது, 7-ஐத் தாண்டியிருந்தது. வார்ஃபரின் கல்லீரலில் கரைந்து போவதை மெட்ரோனிடசோல் தடுத்துவிடும், வார்ஃபரின் உடம்பில் தேங்கி ரத்தம் உறையாமல் கசியும், அவ்வளவுதான் சங்கதி. மருந்தோடு வரும் தாளிலேயே இருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்திருப்பவர்கள் படிக்கலாம். நோய்க்கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் குறையக்கூடும், மறுபடி மருந்து கொடுப்பதானால் எண்ணிக்கை பாருங்கள் என்பதும் அதே தாளில்தான்.

தாங்கள் அறியாததல்ல. ஒரு காலத்தில் குடற்புழுவுக்கு லெவாமிசோல் கொடுத்தார்கள். சிலருக்கு வெள்ளை அணு அடியோடு சரிந்தது. அமெரிக்கச் சந்தையிலிருந்து 2000-இல் அது போயே போய்விட்டது. ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணிக்குக் கொடுக்கும் ஃபுராசோலிடோன், சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி நொதி குறைவாக உள்ளவர்களின் சிவப்பணுக்களை உடைக்கும்.

குடற்புழுவுக்கு இப்போது கொடுக்கும் அல்பெண்டசோலை நான் குறை சொல்லவில்லை. 400 மில்லிகிராம் ஒரே வேளை விழுங்கினால் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் எதுவும் ஆவதில்லை. குழந்தைகளுக்குக் கொடுப்பதை யாரும் நிறுத்திவிட வேண்டாம். ஆனால் அதே மருந்தை நாடாப்புழுவின் நீர்க்கட்டிக்கு 28 நாள் சுற்றாகக் கொடுக்கும்போது ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை படுத்துவிடலாம், அரிதாக உயிரே போகலாம். அதனால்தான் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும், பிறகு இரண்டு வாரத்துக்கொரு முறையும் ரத்தம் பார்க்கச் சொல்கிறார்கள். கல்லீரல் கெட்டவர்களுக்கு ஆபத்து அதிகம். மிட்டாய்க்கு இவ்வளவு சடங்கு எந்த ஊரில்?

எழுத உட்கார்ந்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தைராய்டு மாத்திரையைக் காப்பியோடு விழுங்கலாம் என்று உங்கள் பகுதி முன்பு எழுதியபோதும் கடிதம் போட்டேன். நான்கு பக்கம் எழுதியதில் "கட்டுரை அருமை" என்ற பாதி வரி மட்டும் அச்சேறியது. அந்த வரி மரியாதைக்கு எழுதியது, ஐயா. லேகிய விளம்பரத்துக்கு முழுப் பக்கம் இருக்கிறது. திருத்தத்துக்கு மட்டும் இடம் இருப்பதில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தி: வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும், ரத்தக் குறைபாடோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்களும் பூச்சி மருந்துக்கு முன் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். மருந்து எடுக்கும்போது காய்ச்சல், தொண்டைப் புண், ஈறில் ரத்தம் என்றால் உடனே போய்க் காட்ட வேண்டும். இவ்வளவுதான். எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். படிக்க வேண்டியவர்களுக்கு வயதாகிவிட்டது.

இப்படிக்கு,
பெயர் வேண்டாத நெடுநாள் சந்தாதாரர்