ஆப்பிரிக்காவுல இருக்கிற மலாவி நாட்ல இளைஞர் பயிற்சி நடத்துற தொண்டு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். கிராமத்து பசங்களுக்கு தையல், தச்சு வேலையெல்லாம் கத்துக்குடுத்து சர்டிபிகேட்டும் தர்றீங்க, நல்ல விஷயம்தான். ஆனா வருஷத்துல எந்த மாசம் அவங்க கையில காசில்லாம தவிக்கிறாங்கன்னு பாத்துதான் திட்டம் போட்டீங்களா?

அங்க நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் மழை, பெரும்பாலான காட்டுக்கு அந்த ஒரே பட்டம்தான். மக்காச்சோளம் மொளச்சதும் களை எடுக்கணும், உரம் வைக்கணும், சரியா அப்பதான் போன வருஷத்து சோளம் வீட்ல தீந்துபோகுது, ந்சீமா, அதாவது அவங்க தினமும் சாப்பிடுற மக்காச்சோளக் களி, கிண்ட மாவு இருக்காது. என்ன பண்ணுவாங்க, கன்யூ போவாங்க. கன்யூன்னா அடுத்தவங்க காட்டுல அன்னாடக் கூலி, காசாவும் குடுப்பாங்க மாவாவும் குடுப்பாங்க. அங்க களை வெட்டிட்டு வந்து பாத்தா சொந்தக் காட்டுல களை ஏறிக் கெடக்கும், வெளச்சல் கொறையும், அடுத்த வருஷம் தானியம் இன்னும் சீக்கிரம் தீரும், மறுபடி கன்யூ. இதைப் போய் பசங்களுக்கு திறமை பத்தலன்னு சொன்னா எனக்கு மனசு பொறுக்கல.

2023 நவம்பர்ல டாலருக்கு 1,180 குவாச்சாவா (அந்த நாட்டுக் காசு) இருந்தது ஒரேயடியா 1,700 ஆச்சு. உரம் வெளிநாட்லேர்ந்து வர்ற சரக்கு, இடி விழுந்தது விதைக்கிற மாசத்துல. அதே மாசம்தான் மலாவிலேர்ந்து 221 இளைஞர்கள் இஸ்ரேலுக்கு தோட்ட வேலைக்கு பிளேன் ஏறினாங்க, அங்க போர் நடந்துட்டு இருந்தப்பவே!

சைக்கிள் இருக்கிற பையன் கபாசா ஓட்டுறான், அதாவது பின்சீட்ல ஆள் ஏத்துற சைக்கிள் டாக்ஸி. ஆத்தோரம் டிம்பான்னு சொல்ற ஈர நெலம் உள்ள குடும்பம் மழை இல்லாத காலத்துல தக்காளி, கீரை போடுது. ரெண்டும் இல்லாதவங்க கதி? பொண்ணுங்க மண்டாசி, அதாவது மாவை எண்ணெய்ல பொரிக்கிற உருண்டைப் பலகாரம், சுட்டு வித்து பொழைக்கப் பாக்குறாங்க, அதுக்கும் மாவு, எண்ணெய் வாங்க முதல் வேணும். ஒரு ஊர்ல பத்து பேருக்கு தையல் கத்துக்குடுத்தீங்கன்னா ஜனவரில துணி தைக்கக் குடுக்க அந்த ஊர்ல யார்கிட்ட காசு இருக்கும் சொல்லுங்க.

பயிற்சிய அறுவடை முடிஞ்சு ஜூன், ஜூலைல வைங்க. டிசம்பர்ல மாவு மூட்டையும் உரமும் கடனா குடுங்க, மே மாசம் சோளமாவே திருப்பி வாங்கிக்கோங்க. களை எடுக்கிற நேரத்துல அவன் கன்யூ போகாம சொந்தக் காட்டுல நிக்கட்டும். வர்ற டிசம்பருக்கே இதை ஒரு பத்து ஊர்லயாவது செய்ய முடியுமான்னு பதில் எழுதுங்க.