அம்மா கடிதத்துக்கு இலக்கம் போட்ட கதை

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமையாகிறது. கச்சான் காற்றில் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது, அதுதான் பேனாவை எடுத்துவிட்டேன். வீட்டில் எல்லாரும் சுகம். முற்றத்துச் செவ்வரத்தையை மட்டும் மான்கள் வந்து மொட்டையடித்துவிட்டுப் போகின்றன. அம்மாவுக்குக் கோபம், ஆனால் தண்ணீர் வைப்பதும் அவர்தான்.

உங்கள் களஞ்சியத்து மென்பொருளை, வாடிக்கையாளர் விபரங்களை இணையத்தில் வைத்து நடத்தும் சேல்ஸ்ஃபோர்ஸோடு இணைக்கும் அலுவல் உன் தலையில் விழுந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். இரண்டு பக்கமும் ஏபிஐ, அதாவது ஒரு மென்பொருள் மற்றதோடு பேசும் வாசல், இருக்கிறது, ஒரு கிழமை போதும் என்கிறார்களாம். அந்த ஒரு கிழமையை நானும் நம்பியவன்தான். எனக்கு ஆறு மாதம் எடுத்தது.

நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல். அலுவலகக் கணினியில் பதிவாகும் ஒவ்வொரு புக்கிங்கும் சேல்ஸ்ஃபோர்ஸுக்குப் போகவேண்டும், அங்கிருந்து விருந்தினருக்கு முற்பணம் கேட்டு மின்னஞ்சல் போகும். போன வருஷம் சீசன் நேரம், ஒரு ஞாயிறு மத்தியானம், ஒரு புக்கிங் போய்ச் சேர்ந்து அங்கே பதிவாகியும் விட்டது. பதில் திரும்பி வருவதற்குள் லைன் செத்துவிட்டது. எங்கள் புரோகிராம் பத்து விநாடி பார்த்தது, பதில் இல்லை, லைன் வந்ததும் திரும்ப அனுப்பியது. இரண்டு பதிவு, இரண்டு மின்னஞ்சல். அந்த ஜெர்மன்காரர் இரண்டு தரம் காசு கட்டிவிட்டு, பிறகு போனில் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டதாம். மூன்று நாள் லொக்கை, நடந்ததெல்லாம் பதிவாகும் கோப்பை, கிண்டினேன். சேல்ஸ்ஃபோர்ஸ் பக்கம் ஒரு பிழையும் இல்லை, இரண்டுமே வெற்றி.

போகவில்லை என்று தெரிந்தால் திரும்ப அனுப்பலாம். போனதா இல்லையா என்றே தெரியாத நிலைக்குத்தான் வழி வேண்டும், மச்சான். அதை எனக்கு விளங்கப்படுத்தியது அம்மாவின் பழைய பழக்கம் ஒன்று.

யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டியிருந்த தொண்ணூறுகளில் சின்னம்மாவுக்கு அம்மா எழுதும் கடிதங்கள் நினைவிருக்கிறதா? மேல் மூலையில் 14, 15 என்று இலக்கம் போடுவார். முக்கியமான விஷயம் என்றால் ஒரு பிரதி கப்பலில் போகும், இன்னொன்று வவுனியாப் பக்கம் போகிற யாரின் கையிலாவது போகும். இரண்டிலும் இலக்கம் ஒன்றே. சின்னம்மாவுக்கு இரண்டும் கிடைத்தால், ஒன்றை வாசித்துவிட்டு மற்றதை அப்படியே வைத்துவிடுவார்.

நான் செய்ததும் அதுவேதான். புக்கிங்குக்கு இங்கேயே ஒரு இலக்கம் கொடுக்கிறோம். சேல்ஸ்ஃபோர்ஸில் அதை எக்ஸ்டேர்னல் ஐடி என்று ஒரு புலத்தில் வைத்து, ‘புதிதாக உருவாக்கு’ என்பதற்குப் பதிலாக அந்த இலக்கத்தின் மேல் அப்செர்ட் செய்கிறோம். இல்லையென்றால் உருவாகும், இருந்தால் அதுவே புதுப்பிக்கப்படும். பத்துத் தரம் அனுப்பினாலும் பதிவு ஒன்றுதான். அந்தப் புலத்தில் யுனீக் என்ற பெட்டியையும் டிக் பண்ணு, ஒரே இலக்கம் இரண்டு பதிவில் ஏற விடாது. ஒரே இலக்கத்தில் ஏற்கனவே இரண்டு பதிவு இருந்தால் எதைத் தொடுவது என்று தெரியாமல் சேல்ஸ்ஃபோர்ஸ் 300 என்ற பதில் எண்ணோடு திருப்பிவிடும். மின்னஞ்சலும் பதிவு புதிதாக உருவாகும்போது மட்டும் போகிறது.

இந்தப் பக்கம் புக்கிங்கையும், ‘இதை அனுப்பவேண்டும்’ என்ற வரியையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் எழுது. அப்போது இரண்டும் சேர்ந்தே பதியும், இல்லாவிட்டால் ஒன்றும் பதியாது. முதலில் சேமித்து, பிறகு அனுப்பலாம் என்று வைத்தால், இரண்டுக்கும் நடுவில்தான் கரண்ட் போகும். இங்கே அது சொல்லி வைத்தது போல நடக்கும்.

எதிர்த் திசையில், சேல்ஸ்ஃபோர்ஸிலிருந்து வரும் பிளாட்ஃபோர்ம் ஈவென்ட்களுக்கும், அதாவது அங்கே ஏதும் நடந்தால் வரும் அறிவிப்புகளுக்கும், ரீப்ளே ஐடி என்று இலக்கம் உண்டு. கடைசியாகக் கண்டதை எழுதி வைத்துக்கொண்டால், லைன் வந்ததும் அதற்குப் பிறகு வந்தவற்றைக் கேட்டு வாங்கலாம். 72 மணி நேரம்தான் வைத்திருப்பார்கள், நீண்ட விடுமுறையில் கணினியை அணைத்துவிட்டுப் போனால் போனதுதான். சின்னம்மா 13 வராவிட்டால் தொலைந்தது என்று கண்டுபிடிப்பார், இங்கே அது சரிவராது. இந்த இலக்கங்கள் ஏறிக்கொண்டே போகும், ஆனால் நடுவில் தாவும். இடைவெளியைப் பார்த்து நான் ஒரு இரவு வீணாகப் பயந்தேன்.

திரும்ப அனுப்புவதை உடனே உடனே செய்யாதே. 2, 4, 8 விநாடி என்று விட்டு விட்டுப் போ, அதிலும் கொஞ்சம் முன்பின்னாக. 400 என்ற பதில் எண் வந்தால் பெரும்பாலும் தரவில் பிழை, நூறு தரம் அனுப்பினாலும் அதே பதில்தான், ஒரு பக்கத்தில் ஒதுக்கி ஆளுக்குக் காட்டு. அப்புறம், ஒரு நாளைக்கு அனுமதித்த ஏபிஐ அழைப்புகள் முடிந்தால் 403 வரும். அதை அனுமதிப் பிரச்சினை என்று நினைத்து நான் பெர்மிஷனைக் குடைந்துகொண்டிருந்தேன்!

அடுத்தது திறப்பு விஷயம், இணைப்பு யாருடைய பெயரில் உள்ளே போகிறது என்பது. நான் போனபோது மேனேஜரின் சொந்தப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் டெஸ்க்டொப்பில் ஒரு நோட்பேட் கோப்பில் கிடந்தன. அவர் வேலையை விட்டதும் கணக்கு மூடப்பட்டது, ஒரு சனிக்கிழமை இரவு முழு இணைப்பும் நின்றது. இப்போது இணைப்புக்கென்று தனிப் பயனர், ஏபிஐக்கு மட்டும், தேவையான இரண்டு ஒப்ஜெக்ட்டை (தரவு அட்டவணையை) மட்டும் தொடலாம். உள்ளே நுழைவது ஓஓத்தில் ஜேடபிள்யூடி முறை, கடவுச்சொல்லுக்குப் பதில் ஒரு டிஜிட்டல் சான்றிதழ், அது காலாவதியாகும் நாள் சுவரிலிருக்கும் கலண்டரில். 2025 ஓகஸ்டில் நடந்தது உனக்குத் தெரிந்திருக்கும்: நிறுவனங்கள் இணைத்திருந்த ஒரு சாட் செயலியின் டோக்கன்களை, கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விடும் அனுமதிச் சீட்டுகளை, திருடி, நூற்றுக்கணக்கானோரின் சேல்ஸ்ஃபோர்ஸ் தரவை அள்ளிக்கொண்டு போனார்கள். சேல்ஸ்ஃபோர்ஸின் பூட்டை யாரும் உடைக்கவில்லை, விருந்தாளிக்குக் கொடுத்த திறப்பாலேயே திறந்தார்கள். அதற்குப் பிறகு விருந்தினரின் கடவுச்சீட்டு இலக்கம் அனுப்புவதையே நிறுத்திவிட்டேன். நம் நாட்டிலும் 2022 இன் 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, உங்கள் மேலிடத்துக்கு அதைக் காட்டினால் வாதாட்டம் குறையும்.

இவ்வளவும் செய்தபிறகும் ஒவ்வொரு இரவும் இரண்டு பக்கத்துப் பதிவுகளின் எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன், பழைய கணக்கப்பிள்ளை மாதிரி. போன மாதம் ஒன்று குறைந்தது. பெயரில் இருந்த ஒரு எழுத்தால் 400 வந்து, ஒதுக்கிய இடத்தில் யாரும் பார்க்காமல் கிடந்தது. அந்த ஒதுக்கிடத்தைப் பார்ப்பது யார் வேலை என்று நீ முதல் நாளே எழுத்தில் வாங்கிவிடு.

கரண்ட் வந்துவிட்டது. ஆடியில் வருவதாக இருந்தால் முன்னமே சொல், கன்னியாவுக்குக் காலையில் போகலாம், பத்து மணிக்குப் பிறகு வெயிலில் அந்த வெந்நீர் ஊற்ற முடியாது. அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
உன் மச்சான்