ஆசிட், சோடா, சுண்ணாம்பு: புது வீட்டுக்குப் போன மகனுக்கு

கண்ணா,

நேற்று போனில் நீ சொன்னதற்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போதாது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பாத்ரூம் குழாயிலும் பக்கெட்டிலும் படிந்திருக்கும் உப்புக்கறைக்கு ஆசிட் ஊற்றி, அப்படியும் போகாவிட்டால் மேலே ப்ளீச்சிங் பவுடர் தூவி ஊறவிடப் போகிறேன் என்றாய். அதை மட்டும் செய்யாதே.

ப்ளீச்சிங் பவுடரில் முக்கியமாக இருப்பது கால்சியம் ஹைப்போகுளோரைட். அமிலம் பட்டதும் அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பிவிடும். காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், அதனால் ஜன்னல் இல்லாத பாத்ரூமில் தரையோடு தங்கும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்குப் பக்கத்தில் ஜெர்மன் ராணுவம் எதிரிப் படை மேல் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். தொண்டையிலும் நுரையீரலிலும் உள்ள ஈரத்தில் கரைந்து அங்கேயே அமிலமாகி அரிக்கும். தப்பித்தவறி அந்த நெடி வந்தால், தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம் என்று நிற்காதே, உடனே வெளியே வந்து நல்ல காற்றில் நில், இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போ.

நீல லிட்மஸ் சிவந்தால் அமிலம், சிவப்பு நீலமானால் காரம், இரண்டும் சேர்ந்தால் உப்பும் நீரும் என்று நீ பள்ளியில் படித்தது பரீட்சைக்குப் போதும், வீட்டுக்குப் போதாது. 1923-ல் டென்மார்க்கில் பிரான்ஸ்டெட், இங்கிலாந்தில் லௌரி என்ற இரண்டு வேதியியலாளர்கள் தனித்தனியாகச் சொன்னது எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்: அமிலம் புரோட்டானை, அதாவது எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜனை, கொடுப்பது, காரம் அதை வாங்கிக்கொள்வது. எது எவ்வளவு சுலபமாகக் கொடுக்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் உன் பாத்ரூம் பிரச்சினையும் புரிந்துவிடும்.

கடையில் விற்கும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். தண்ணீரில் கலந்ததுமே தன்னிடம் உள்ள புரோட்டான் எல்லாவற்றையும் விட்டுவிடும். வினிகரில் இருப்பது அசிட்டிக் அமிலம், அதில் நூறு மூலக்கூறில் ஒன்றுகூட ஒரு நேரத்தில் புரோட்டானை விட்டிருக்காது. இதை வைத்து வினிகரால் ஆகாது என்று நினைத்துவிடாதே. குழாயில் படிந்திருக்கும் வெள்ளைப் பொருக்கு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், போர் தண்ணீர் விட்டுச் சென்றது. வினிகர் விட்ட கொஞ்ச புரோட்டானை அது பிடித்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாக நுரைத்து வெளியேறும், உடனே மிச்சமிருக்கும் அமிலத்திலிருந்து இன்னும் கொஞ்சம் புரோட்டான் வெளிவரும், மறுபடி பொருக்கு கரையும். கையிருப்பு உள்ளே இருந்துகொண்டே இருக்கிறது, நேரம் மட்டும்தான் வேண்டும். ஒரு பழந்துணியை வினிகரில் நனைத்துக் குழாயில் சுற்றி ஒரு மணி நேரம் விட்டுப் பார், ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வருவது கண்ணுக்கே தெரியும். அப்புறம் பழைய டூத் பிரஷால் தேய்த்து நல்ல தண்ணீரில் கழுவிவிடு. போகாத இடத்துக்கு இன்னொரு தடவை.

யூடியூபில் எல்லோரும் சொல்கிறார்களே, வினிகரோடு சமையல் சோடா சேர்த்தால் பொங்கிக்கொண்டு அழுக்கெல்லாம் போகும் என்று, அதை நம்பாதே. சோடா காரம், வினிகர் அமிலம், ஒன்றை ஒன்று தீர்த்துவிட்டு மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கரைந்த தண்ணீர்தான். நுரை பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பொருக்கைக் கரைக்க வேண்டிய அமிலத்தை சோடா தின்றுவிட்டது. தனித்தனியாக இரண்டுமே நல்ல பொருள்.

பிஹெச் அளவுகோலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1909-ல் கோபன்ஹேகனில் ஒரு பீர் கம்பெனி நடத்திய கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் என்ற வேதியியலாளர் கொண்டுவந்தது. ஒரு எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும். எலுமிச்சைச் சாறு ஏறக்குறைய 2, பாத்ரூம் ஆசிட் பூஜ்யத்துக்கும் கீழே போகக்கூடியது. 2-க்கும் 0-க்கும் நடுவில் நூறு மடங்கு இருக்கிறது, ஆசிட் பாட்டிலை எடுக்கும்போது இதை மனதில் வை.

அடைப்புக்குப் போடும் டிரெயின் கிளீனர் பாக்கெட்டும் வாங்கியிருப்பாய். அதில் இருப்பது பெரும்பாலும் காஸ்டிக் சோடா. எனக்கு ஆசிட்டைவிட இதுதான் பயம். குழாயில் அடைத்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை சோப்பாக மாற்றிக் கரைக்கிறது, உன் தோலில் பட்டாலும் அதே வேலையைத்தான் செய்யும். காரம் பட்டால் விரல் வழவழக்கிறதே, அதில் கொஞ்சம் உன் தோலின் கொழுப்பே சோப்பாவதால் வருவது. கண்ணில் பட்டால் உள்ளே உள்ளே இறங்கிக்கொண்டே போகும், வெற்றிலைச் சுண்ணாம்பும் காரம்தான், அது கண்ணில் பட்டால் பெரியவர்கள் பதறுவது இதனால்தான். பாக்கெட்டைப் பிரிக்கும்போதே கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள். தண்ணீரில் கலக்க வேண்டியிருந்தால் தண்ணீரை முதலில் எடுத்து அதில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு, தூள் மேல் தண்ணீரை ஊற்றாதே, கொதித்துத் தெறிக்கும்.

மேலே பட்டுவிட்டால் ஆசிட்டுக்கு சோடா, சுண்ணாம்புக்கு எலுமிச்சை என்று எதையும் தேடிக்கொண்டு ஓடாதே. அமிலமும் காரமும் சேரும்போது சூடு வெளிவரும், வெந்த தோலை அது இன்னும் வேகவைக்கும். குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் காட்டு, பட்ட துணியைக் கழற்றிப் போடு. கண் என்றால் இமையை விரித்துப் பிடித்துக் கழுவிவிட்டு, எரிச்சல் நின்றுவிட்டாலும் டாக்டரைப் பார்.

பாத்ரூம் தரை டைல்ஸா, மொசைக்கா, கடப்பா கல்லா என்று போட்டோ எடுத்து அனுப்பு. மொசைக்கில் இருக்கும் பளிங்குத் துண்டும் கடப்பா கல்லும் அந்தப் பொருக்கைப் போலவே கால்சியம் கார்பனேட்தான், ஆசிட் அதையும் நுரைத்துக் கரைத்து மினுமினுப்பை எடுத்துவிடும், வீட்டுக்காரருக்கு நீ பதில் சொல்ல வேண்டிவரும். அப்படியென்றால் தரைக்கு சோப்புத் தண்ணீரும் பிரஷும் போதும், வினிகர் குழாயோடு நிற்கட்டும்.

அம்மா