பெங்களூரிலிருந்து திமாப்பூர் வரை எங்கள் வேனை ஓடவைத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

இந்த மடல் போய்ச் சேர வேண்டியவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. தெலுங்கும் ஒடியாவும் வங்காளமும் அசாமியும் பேசுகிறவர்கள். சிலர் பெயரைக்கூடச் சொல்லாமல் வேலையை முடித்துக்கொடுத்துவிட்டு அவரவர் வழியில் போய்விட்டார்கள். ஆனாலும் தமிழில்தான் எழுதுகிறேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "அவங்களை விட்டுட்டியே, அதையும் எழுது" என்று சொல்லச் சொல்ல எழுதுகிற மடல் இது. படிக்கிற நீங்கள் அந்தச் சாலையில் ஓடுகிறவர்களாகவோ, அந்த ஊர்களில் வேலை பார்ப்பவர்களாகவோ இருந்தால், உரியவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

எங்கே போனோம், ஏன் போனோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் அப்பா ரங்கூனில் பிறந்தவர். 1942 மார்ச்சில் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. அதற்கு முன்னும் பின்னும் லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் நடந்தே வந்தார்கள். தாத்தா அப்போது சின்னப் பையன். டாமு, பலேல், இம்பால் என்று மலை ஏறி இறங்கி, மணிப்பூர் ரோடு ரயில் நிலையத்துக்கு வந்து சேர்ந்தவர்களில் அவரும் ஒருவர். அவருடைய தங்கை வரவில்லை. வழியில் காலரா கொண்டுபோய்விட்டது. அந்த மணிப்பூர் ரோடு நிலையம்தான் இன்றைக்கு நாகாலாந்தில் இருக்கும் திமாப்பூர். அங்கே யாரோ ஒருவர் கையில் கஞ்சியும் ஒரு போர்வையும் கொடுத்ததைத் தாத்தா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை.

அம்மாவால் அரை மணி நேரத்துக்கு மேல் நிமிர்ந்து உட்கார முடியாது. முதுகெலும்பு தேய்மானம், அதோடு சர்க்கரை. விமானமும் ரயிலும் சரிப்படாது. படுத்துக்கொண்டே போகிற மாதிரி, நினைத்த இடத்தில் நிறுத்துகிற மாதிரி ஒரு வண்டி வேண்டும். அப்படித்தான் ஒரு பழைய டெம்போ டிராவலர் எங்கள் வீட்டுக்கு வந்தது.

கலாசிபாளையத்து மெக்கானிக் அண்ணனுக்கு முதல் நன்றி. ஆயுத பூஜைக்குக்கூடப் பட்டறையை மூடாமல் இந்த வண்டியின் இன்ஜினைப் பிரித்துச் சேர்த்தவர். பென்ஸ் வடிவமைப்பை ஒட்டி வந்த பழைய டீசல் இன்ஜின் அது. எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது. "இதுல கம்ப்யூட்டர் இல்லம்மா, அதனால இந்தியாவுல எந்த ரோட்டோரத்துலயும் ஒருத்தன் இதைச் சரி பண்ணுவான். தைரியமா போங்க" என்றார். அது எவ்வளவு உண்மை என்று போகப் போகத் தெரிந்தது. ஃபேன் பெல்ட், டீசல் ஃபில்டர், ஹீட்டர் பிளக், ரேடியேட்டர் ஹோஸ் எல்லாம் ஜே.சி. ரோட்டில் வாங்கி, ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் எந்த இடத்தில் மாட்ட வேண்டும் என்று படம் வரைந்து கொடுத்தார். உள்ளே கட்டிலும் அடுப்பு மேடையும் செய்த ஆசாரி, அம்மா எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியைத் தானாகவே வைத்தார். நாங்கள் கேட்கவே இல்லை. அதற்குக் காசும் வாங்கவில்லை.

வண்டியின் உருவத்தை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். 15 வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்குத் தகுதிச் சோதனை முடித்து ஆர்.சி.யையும் புதுப்பிக்க வேண்டும். இந்தக் காகிதங்களை ஒன்றுவிடாமல் அடுக்கி வைத்து, "வழியில யாரு கேட்டாலும் இந்த வரிசையில காட்டுங்க" என்று சொல்லிக்கொடுத்த பக்கத்து வீட்டு அங்கிளுக்கு நன்றி. எத்தனை செக்போஸ்டில் அந்தக் கோப்பு எங்களைக் காப்பாற்றியது! அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் தமிழ்ச் சங்க நூலகத்தில், பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களைப் பற்றிய புத்தகங்களைத் தேடித்தேடி எடுத்துக் கொடுத்த ஐயாவுக்கும் நன்றி. அம்மா அவற்றைப் படித்துவிட்டுத்தான் எந்த வழியாகப் போக வேண்டும் என்று எங்களுக்குச் சொன்னார்.

மார்கழியில் கிளம்பினோம். எதிர்வீட்டுக் கன்னடக்கார அஜ்ஜி தெருமுனை வரை வந்து, "ஹுஷாராகி ஹோகி பன்னி" என்று வேனின் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுப் போனார். சித்தூர், திருப்பதி வழியாக நாயுடுபேட்டையில் 16-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால், அப்புறம் கொல்கத்தா வரை கடலை ஒட்டி ஒரே சாலை. விசாகப்பட்டினம் தாண்டும்வரை வண்டி அலுங்காமல் போனது.

ஸ்ரீகாகுளத்துக்கு அப்பால், ஒடிசா எல்லைக்குக் கொஞ்சம் முன்னால், சாயங்காலம் பின்பக்கம் 'டங்' என்று ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் இடது பின்சக்கரத்து ஸ்பிரிங்கில் மெயின் பட்டை, கண் (வண்டியோடு பூட்டுகிற வளையம்) இருக்கிற முனையோடு முறிந்து கிடந்தது. நானும் என் வீட்டுக்காரரும் தமிழில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் எங்களைத் தாண்டிப் போன ஒரு லாரி பிரேக் போட்டு, நூறடி தள்ளி நின்றது. டி.என். 34, திருச்செங்கோட்டு வண்டி. சேலத்து ஜவ்வரிசி லோடு, கொல்கத்தாவுக்கு.

அந்த அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வந்தவுடன் ஸ்பிரிங்கைப் பார்க்கவில்லை. வேனுக்குள் எட்டிப் பார்த்து, படுத்திருந்த அம்மாவிடம், "பயப்படாதீங்கம்மா, கட்டிப் போட்டா இச்சாபுரம் வரைக்கும் போயிரலாமுங்க" என்றார். அதற்கப்புறம்தான் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். ஜாக்கி கொடுத்துத் தூக்கி, தன் லாரியின் அடைக்கட்டையை அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் வைத்து இறுக்கினார். அச்சு பின்னால் நகர்ந்துவிடாமல் இரும்புச் சங்கிலியைப் போட்டு முன்பக்கம் இழுத்துக் கட்டினார். கூட வந்த கிளீனர் பையன் எங்கள் வண்டிக்குப் பின்னால் ரொம்ப தூரம் நடந்து போய், வருகிற வண்டிகளுக்குச் செல்போன் வெளிச்சம் காட்டி ஒதுங்கச் சொல்லிக்கொண்டே நின்றான். பனி கொட்டுகிறது, பையன் சட்டைக்கு மேல் ஒரு துண்டு மட்டும் போர்த்தியிருந்தான். எல்லாம் முடிந்ததும் லாரியை முன்னால் விட்டு, ஆள் நடக்கிற வேகத்தில் எங்களை இச்சாபுரம் வரை கூட்டிப்போனார். லோடு போய்ச் சேர வேண்டிய நேரம் தள்ளிப்போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் நீட்டிய பணத்தைத் திருப்பி அம்மா கையிலேயே வைத்து, "மருந்து வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இச்சாபுரத்துப் பட்டறைப் பெரியவர் மறுநாள் விடிவதற்குள் உலை மூட்டிவிட்டார். எங்கள் வண்டிக்குச் சரியான பட்டை அங்கே கிடைக்கவில்லை. வேறு ஒரு வண்டியின் பட்டையை அளவுக்கு வெட்டி, முனையைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, ஒரு இரும்பு உருளையைச் சுற்றிச் சம்மட்டியால் அடித்து அடித்துக் கண் எடுத்தார். எண்ணெயில் முக்கினார். திரும்பவும் இளஞ்சூட்டில் காட்டி ஆறவிட்டார். அப்படி விடாவிட்டால் கண்ணாடி போலத் தெறித்துவிடுமாம். அந்தப் பட்டைதான் திமாப்பூர் போய், திரும்பிப் பெங்களூரும் வந்திருக்கிறது. கலாசிபாளையத்து அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "இதை மாத்தவே வேணாம், இப்படியே இருக்கட்டும்" என்றார். ஐயா, உங்கள் கைவேலைக்கு எங்கள் ஊரில் கிடைத்த மரியாதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இன்சுலின் விஷயத்தில் உதவியவர்கள் நிறையப் பேர். திறக்காத குப்பிகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துபோகவும் கூடாது. எங்களிடம் இருந்தது தெர்மகோல் பெட்டியும் ஐஸ் பேக்குகளும்தான். ஒவ்வொரு ராத்திரியும் அந்த ஐஸ் பேக்கை யாராவது தங்கள் ஃப்ரீசரில் வைத்து உறையவைத்துத் தர வேண்டும். ராஜமுந்திரியில் ஒரு மருந்துக்கடை, பத்ரக்கில் ஒரு மிட்டாய்க்கடை, மால்தாவில் ஒரு ஐஸ்கிரீம் கடை என்று வழிநெடுக யார் யாரோ வைத்துக் கொடுத்தார்கள். மிட்டாய்க்கடைக்காரர் கடையைத் திறப்பதற்கு முன்பே சைக்கிளில் வந்து, பேக்கைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, கூடவே அம்மாவுக்குச் சர்க்கரை போடாத சேனாவும் (பாலைத் திரித்து எடுக்கிற பன்னீர் மாதிரி) கொண்டுவந்தார். ஐஸ் பேக் குப்பியில் நேராகப் படக்கூடாது, நடுவில் துணி சுற்ற வேண்டும் என்று ராஜமுந்திரிக்காரர் சொல்லிக்கொடுத்ததை வழியெல்லாம் கடைப்பிடித்தோம்.

அடுத்தது கழிப்பறை. வயசான பெண்ணைக் கூட்டிக்கொண்டு நெடுந்தூரம் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய கவலை கிடையாது. இதை எழுதக் கூச்சப்பட ஒன்றுமில்லை. பெட்ரோல் பங்கில் காற்றும் குடிநீரும் கழிப்பறையும் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. ஆனால் விதியைத் தாண்டி, ராத்திரி பதினொரு மணிக்கு வாளியில் வெந்நீர் கொண்டுவந்து வைப்பது மனசு. பாலுகாவ் பக்கத்தில், சில்கா ஏரிக்குக் கிட்டே ஒரு பங்கில் ராத்திரி வேலையிலிருந்த பெண் அதைச் செய்தார். அம்மாவின் கையைப் பிடித்துப் படியேற்றி, வெளியே காத்திருந்து திரும்பக் கூட்டிவந்தார். அவர் பேசியது ஒடியா, அம்மா பேசியது தமிழ். இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கொல்கத்தாவுக்குள் பழைய டீசல் வண்டியைக் கொண்டுபோக வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். டான்குனியில் வேனையும் அம்மாவையும் என் வீட்டுக்காரரையும் விட்டுவிட்டு, நான் மட்டும் லோக்கல் ரயிலில் சியால்தா போய், நாகாலாந்து அரசின் அலுவலகமான நாகாலாந்து ஹவுஸில் இன்னர் லைன் பர்மிட் வாங்கினேன். வெளி மாநிலத்தவர் நாகாலாந்துக்குள் போக வாங்க வேண்டிய அனுமதி அது. திமாப்பூருக்கும் 2019-இலிருந்து அந்த பர்மிட் வேண்டும். என்ன காரணத்துக்காகப் போகிறீர்கள் என்று கேட்ட அலுவலர், தாத்தாவின் கதையைக் கேட்டதும் எழுந்து போய்த் தானே விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு வந்தார். அவருக்கும் நன்றி.

பரக்காவில் கங்கைமேல் 109 மதகுகள் கொண்ட அந்த அணையைத் தாண்டியபோது அம்மாவைக் கொஞ்சம் நிமிர்த்தி உட்காரவைத்து நதியைக் காட்டினோம். அதற்கு அப்புறம் ஒரே மூடுபனி. டால்கோலாவிலிருந்து ஒரு பஸ் டிரைவர் கையை வெளியே நீட்டித் தன் பின்னாலேயே வரச் சொல்லி, வெகுதூரம் வழிகாட்டினார். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

சிலிகுரியில் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. டீசலில் தண்ணீர் கலந்து, லைனில் ஏர் பிடித்துவிட்டது. பட்டறையில் வேலை பார்த்த பையன், ஃபில்டரைக் கழற்றித் தண்ணீரை வடித்து, காற்றை வெளியேற்றுகிற பிளீடர் ஸ்குரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருந்தான். முதலில் நுரை, அப்புறம் குமிழி, கடைசியில் குமிழியே இல்லாமல் டீசல் வழிகிறவரை நிறுத்தவில்லை. அவனுடைய முதலாளி, சந்தக்ஃபூ மலைப்பாதையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் 1950-களின் லேண்ட் ரோவர்களுக்கு வேலை செய்து பழகியவர். எங்கள் வேனைப் பார்த்து, "இது குழந்தை" என்றார்.

பிறகு அசாம். கோல்பாரா பக்கம் ஒரு கிராமத்து நாம்கர் (ஊரார் கூடும் வழிபாட்டுக் கூடம்) வாசலில் தங்க இடம் கொடுத்து, கறுப்புத் தேநீரும் அரிசிப் பிட்டாவும் கொடுத்தார்கள்.

திமாப்பூர் ரயில் நிலையத்தில் ஊழியர் ஒருவர் எங்கிருந்தோ சாய்வு நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து, முதல் நடைமேடையில் நிழலாகப் பார்த்துப் போட்டார். அம்மா அதில் சாய்ந்துகொண்டு பையில் கொண்டுபோயிருந்த தாத்தாவின் புகைப்படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு நாகா அம்மா, படத்தைப் பார்த்து யாரென்று விசாரித்தார். இந்தியில் சொன்னேன். தன் பாட்டியும் அந்த வருஷம் மலையிலிருந்து இறங்கி வந்தவர்களுக்குச் சோறு பொங்கியிருக்கிறார் என்றார். கூடையிலிருந்து ஆரஞ்சுப் பழங்களை எடுத்து உரித்து, அம்மாவுக்குச் சுளை சுளையாகக் கொடுத்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பாவுக்குக் கஞ்சி கொடுத்தது உங்க ஊரும்மா" என்று தமிழிலேயே சொல்லி அழுதுவிட்டார்.

1942-இல் அகதி முகாம்களை நடத்தியது இந்தியன் டீ அசோசியேஷன் என்று புத்தகங்களில் இருக்கிறது. முகாமுக்கு மூங்கில் வெட்டி, ரோடு போட்டு, அண்டா அண்டாவாகத் தேநீர் காய்ச்சியவர்கள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். பெரும்பாலும் சோட்டா நாக்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஆதிவாசிகள். அவர்களுடைய பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகளில் யாருக்காவது இது எட்டுமானால், ரங்கூனிலிருந்து நடந்து வந்த ஒரு பையனின் மகளும் பேத்தியும் உங்களுக்கு நன்றி சொல்கிறோம். இதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம், 3,000 கிலோமீட்டருக்கு மேல், போனோம்.

திரும்பி வந்த வழியில் சொல்லும்படி எதுவும் ஆகவில்லை. லீவு கொடுத்த என் மேலதிகாரிக்கும், செடிகளுக்குத் தண்ணீர் விட்டவர்களுக்கும், தினமும் ராத்திரி போன் பண்ணி நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று குறித்துவைத்த தம்பிக்கும் நன்றி.

எடுத்த படங்களை எல்லாம் பிரிண்ட் போட்டு, முகவரி தெரிந்தவர்களுக்குத் தபாலில் அனுப்பிவிட்டோம். திருச்செங்கோட்டு அண்ணனுக்கு மட்டும் எப்படி அனுப்புவது என்று தெரியவில்லை. திருச்செங்கோடு, சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி ஆபீஸில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், மார்கழியில் ஜவ்வரிசி லோடோடு கொல்கத்தா போனவர் யாரென்று கொஞ்சம் விசாரியுங்கள். அவருடைய சங்கிலியும் அடைக்கட்டையும் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. பெங்களூர் லோடு வந்தால் அல்சூர் மார்க்கெட் பக்கம் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கிளீனர் தம்பியையும் கூட்டிவர வேண்டும், அவனுக்கு அம்மா ஒரு ஸ்வெட்டர் பின்னிவைத்திருக்கிறார். வருவதற்கு முந்தின நாள் சொல்லிவிட்டால் சாப்பாடு தயாராக இருக்கும்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து ஒரு மகளும், சொல்லி எழுதவைத்த அம்மாவும்